ஒரு கரும்புள்ளிகூட இல்லாத வண்டி

ஏனுங்க, முன்னால போற லாரி நம்பர் உங்களுக்குத் தெரியுதுங்களா? கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. கண்ணாடிய வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன். கடைசி நம்பர் ஏழா, ஒண்ணா? ஆங், ஏழு. இருங்க, ஃபோன்ல அடிச்சுப் பாத்தர்றேன். இந்த பஸ்சு ஆடற ஆட்டத்துல வெரலு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. வந்துருச்சு, பாருங்க. எஃப்.சி. இருக்குது, இன்சூரன்ஸ் இருக்குது, மூணாவது ஓனரு. ஆனா சலான் வரிசையா நிக்குது. அதிக லோடு, மறுக்கா அதிக லோடு, பெர்மிட் இல்ல. கர்மம். இதுக்குப் பின்னாலதான் நம்ம பஸ்சு ஒட்டிக்கிட்டுப் போவுது. டிரைவர்கிட்டச் சொன்னாலும் காதுல போட்டுக்க மாட்டாரு.

சிரிக்கறீங்க. பரவால்ல, சிரிங்க. சேலத்துல ஏறுனதுல இருந்து பக்கத்துல இப்படியொரு கிறுக்கனான்னு நெனச்சிருப்பீங்க. நான் கேக்கறேன், ஒரு எடத்துல சம்பந்தம் பேசப் போனா நாலு பேர்கிட்ட விசாரிக்கறோமில்லீங்க? லாரி வாங்கறவன் விசாரிக்க வேண்டாமுங்களா? அந்தக் காலத்துல வழியில்ல. டயரை ஒதைச்சுப் பாத்து, புகையை மோந்து பாத்து, புரோக்கர் சொல்றத நம்பி வாங்கி ஏமாந்தாங்க. இப்ப அரசாங்கமே அத்தனையும் ஃபோன்ல போட்டு வெச்சிருக்குது. ரோட்டுல ஓடறதுக்கு வண்டி லாயக்கான்னு பிரேக் இன்ஸ்பெக்டரு பாத்துக் குடுக்கறாரே, அந்த எஃப்.சி. எப்ப வாங்குனது, எப்ப ரிஜெக்ட் ஆச்சு, எந்த ஊர்ல என்னத்துக்குப் புடிச்சாங்க, எல்லாம் வந்துரும். கை மாறுனா புது ஓனரும் அதுல ஏறிரும். எதையும் யாரும் மூடி மறைக்க முடியாதுங்க.

எங்க வீட்டுக்காரி ராசாமணிக்குக்கூட நான்தான் சொல்லிக் குடுத்தேன். முதல்ல முனகுனா. அப்பறம் பாத்தா, கோயிலுக்குப் போனாக்கூட வெளிய நிக்கற வண்டி நம்பரை அடிச்சுப் பாக்கறா. கத்துக்கிட்டான்னா புடிச்ச புடிய விட மாட்டா, அவ கொணம் அப்படி.

எனக்குச் சங்ககிரிங்க. லாரிதான் பொழப்பு. சொந்தமா ஒரு வண்டி வெச்சு நானே ஓட்டிக்கிட்டு இருந்தேன், அது பழசாகி, பழைய இரும்புக்கு உடைக்கக் குடுத்தாச்சு. அடுத்து ஒண்ணு வாங்கணும். புதுசு வாங்கற அளவுக்கு நமக்கு ஏதுங்க, செகண்ட் ஹேண்டுதான். அந்த நேரம் பாத்து எங்க மச்சான், ராசாமணிக்கு அண்ணன், பேரு சென்னியப்பன், இப்ப நான் போறனே, இதே திருச்செங்கோட்டுலதான் இருக்காரு, அவரு தன்னோட பத்துச் சக்கர வண்டியக் குடுத்தர்றேன்னாரு. முதுகு வலி, இனி சீட்டுல உக்காரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். மாப்ள எடுத்துக்கட்டும், வெலைய அவரே சொல்லட்டும், வண்டி கைக்குள்ளயே இருந்த மாதிரி இருக்கும்னு தங்கச்சிகிட்டச் சொல்லி அனுப்புனாரு. ராசாமணிக்கு வாயெல்லாம் பல்லு.

நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன். சொந்தம் வேற, வண்டி வேற. நம்பரை அடிச்சேன். ஐயோ ஐயோ, என்னன்னு சொல்றது. நெல்லூர் பக்கம் பின்லைட் எரியல. அனந்தப்பூர்ல தார்பாய் சரியா கட்டல. கிருஷ்ணகிரில டயர் தேஞ்சிருக்குது. சோலாப்பூர்ல மட்கார்டு. எஃப்.சி.க்குக் காட்டுனப்போ பிரேக் புடிக்கலைன்னு ரிஜெக்ட். மறுக்கா காட்டி பாஸ். அடுத்த தடவ சைடு கம்பி இல்லைன்னு ரிஜெக்ட், மறுக்கா காட்டி பாஸ். வெரலால தள்ளத் தள்ள வந்துக்கிட்டே இருக்குதுங்க. ஊருக்குள்ள வெள்ளையுஞ் சொள்ளையுமா நடந்துக்கிட்டு, பெரிய மனுசன்னு எல்லாரும் கும்புடு போடற ஆளு. அவரு வண்டி லட்சணம் இது.

அப்படியே கம்முனு இருந்திருக்கலாமுன்னு இப்ப எல்லாரும் சொல்றாங்க. நானா போய்ச் சொல்லலீங்க, கேட்டதுக்குச் சொன்னேன். மச்சான் மக சௌமியாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஓமலூரு, அவங்களும் லாரிக்காரங்கதான். சாப்பிட்டு வெத்தலை போட்டுக்கிட்டு இருக்கறப்ப மாப்பிள்ளையோட அப்பா, அர்த்தனாரின்னு பேரு, மீசை வெச்ச ஆளு, என்னைப் பாத்து, மச்சான் வண்டிய நீங்கதான் எடுக்கறீங்களாமேன்னு கேட்டாரு. கேட்டவருக்குப் பதில் சொல்லணுமில்லீங்க? ஃபோன எடுத்தேன். வரிசையாப் படிச்சேன். சபையில எல்லாருக்கும் கேக்கற மாதிரி நிறுத்தி நிதானமாத்தான் படிச்சேன், பின்னால உக்காந்திருந்தவங்களுக்கும் தெரியணுமில்ல.

மச்சான் தலையக் குனிஞ்சுக்கிட்டு தாம்பாளத்தையே பாத்துக்கிட்டு இருக்காரு. சௌமியா எந்திரிச்சு உள்ள போயிருச்சு. ராசாமணி என் தொடையக் கிள்ளுனா பாருங்க, ஒரு வாரம் கன்னிப் போய்க் கெடந்துச்சு. சரி, நல்ல எடத்துச் சம்பந்தம் நின்னு போச்சுன்னுதான் நானே நெனச்சேன். எனக்கும் வெசனமாத்தான் இருந்துச்சு, ஆனா உண்மைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க.

அர்த்தனாரி என்னடான்னா, இன்னொருக்காப் படிங்கன்னாரு. படிச்சேன். ரிஜெக்ட் ஆன பொறவு எத்தனை நாள் கழிச்சு மறுக்காக் காட்டுனாருன்னு கேட்டாரு. தேதியப் பாத்து, அதே வாரத்துலங்கன்னேன். எந்த ஊர்லன்னாரு. ரெண்டு தடவையும் இதே ஊர்லதான்னேன். உடனே அந்த மனுசன் சிரிக்கறாருங்க. மச்சான் தோள்ல கையப் போட்டு, "சம்பந்தி, வண்டிய நான் எடுத்துக்கறேன். ஓடற வண்டியத்தான் புடிப்பாங்க. தப்புன்னு சொன்ன ஒவ்வொண்ணையும் சரி பண்ணி அதே ஆபீசர்கிட்டயே கொண்டு போய்க் காட்டியிருக்கீங்க"ன்னாரு.

எப்படிப் போவுது பாருங்க கணக்கு! நான் கறையெல்லாம் எடுத்துக் காட்டறேன், அந்தாளு அதையே சந்தனம்னு பூசிக்கறாரு. நிச்சயமும் நடந்துச்சு, கல்யாணமும் நடந்துச்சு, வண்டியும் ஓமலூருக்குப் போச்சு. படிச்சுச் சொன்ன என்னைய மட்டும் ஒருத்தரும் சீந்தல. நிச்சயத்தன்னைக்குத் திரும்பி வர்றப்ப பஸ்சுல ராசாமணிகிட்டக் கேட்டேன், நான் ஏதாச்சும் பொய் சொன்னனான்னு. அவ சன்னலப் பாத்துக்கிட்டே, "பொய் சொல்லியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்"னா. அர்த்தம் புரியுதுங்களா இதுக்கு? எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல.

விட்டேனா பாருன்னு வண்டி தேடுனேன். எத்தனையோ நம்பர் அடிச்சுப் பாத்தேன், எல்லாத்துலயும் ஏதாச்சும் ஒரு அழுக்கு. கடைசில ஆத்தூர் புரோக்கர் ஒருத்தன் ஒரு நம்பர் அனுப்புனான். அடிச்சேன். ஒண்ணுமே இல்லீங்க! ஒரு சலான் இல்ல, ஒரு ரிஜெக்ட் இல்ல. வருசக்கணக்கா ஒரு போலீஸ்காரன் கை நீட்டி நிறுத்துனது இல்ல. எஃப்.சி. வேற இப்பத்தான் சுடச்சுட வாங்கியிருக்குது. எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு. இந்தக் கலிகாலத்துல இப்படியும் ஒரு வண்டி இருக்குதே, இதை ஓட்டுனவன் எப்பேர்ப்பட்ட உத்தமனா இருப்பான்னு நெனச்சேன்.

போய்ப் பாத்தேன். ஒரு ஜவ்வரிசி மில்லு. அண்ணந்தம்பிக்குள்ள பாகப்பிரிவினைக் கேசு, அது முடியற வரைக்கும் வண்டிய யாரும் தொடக்கூடாதுன்னு அப்படியே நிறுத்தி வெச்சிருந்தாங்களாம், இப்பத்தான் தீர்ப்பாயி விக்கறாங்க. வேப்பமரத்தடியில அமைதியா நிக்குது. எஃப்.சி.யக்கூட வண்டிய அசைக்காமயே புரோக்கர் வாங்கிட்டானாம். கோவக்கொடி கண்ணாடி மேல ஏறி கேபின் உள்ள வரைக்கும் போயிருக்குது. டயரெல்லாம் மண்ணுல பதிஞ்சு உக்காந்திருக்குது. கிலோமீட்டர் பாத்தா கொஞ்சம்தான் ஓடியிருக்குது. ஏர் ஃபில்டரைத் தொறந்தா உள்ள அணில் கூடு! அணில் கூடு கட்டுதுன்னா அந்த எடம் எவ்வளவு ராசியா இருக்கணும்னு பாருங்க. அந்த மில்லு வாட்ச்மேன் என்னத்தையோ சொல்ல வந்தான். எங்கிட்டயே ரிக்கார்டு இருக்குது, நீ என்ன சொல்றதுன்னுட்டேன்.

மச்சானுக்கு எப்படியோ விசயம் தெரிஞ்சு போச்சு. நின்ன வண்டிய வாங்கறப்ப பிரேக் லைனை முழுசாக் கழட்டிப் பாக்கச் சொல்லு, சேஸு, அதான் வண்டியோட அடிச்சட்டம், அதையும் ஒரு ஆளக் கூட்டிப் போய்த் தட்டிப் பாக்கச் சொல்லுன்னு தங்கச்சிக்கு ஃபோன் பண்ணியிருக்காரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். தன் வண்டி நாறுனதுக்கு என் வண்டி மேல வயித்தெரிச்சல். வேணும்னே வாங்குனேன். டயரும் பேட்டரியும் மாத்தி, பெயிண்ட் அடிச்சு, முகப்புல 'நேர்மையே துணை'ன்னு பெருசா எழுதச் சொன்னேன். எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தி, பூசணிக்காய் ஒடச்சு, சங்ககிரி பூராவும் ஒரு சுத்து சுத்தி வந்தேன்.

முதல் லோடு கோலார்ல இருந்து தக்காளி, சேலம் மார்க்கெட்டுக்கு. போறப்ப காலியாப் போனேன், தேராட்டம் போச்சு. லோடு ஏத்திக்கிட்டுத் திரும்பி வர்றப்பத்தான். தருமபுரி தாண்டுனா தொப்பூர் எறக்கம் வருதில்லீங்க, அங்க வந்து பிரேக்க மிதிக்கறேன், காலு நேரா அடியில போய் உக்காருது. மறுக்கா மிதிக்கறேன், ஒண்ணுமே இல்ல. முன்னால ஒரு ஸ்கூட்டரு, புருசன் பொண்டாட்டி நடுவுல ஒரு கொழந்த. அந்தக் கொழந்த திரும்பிப் பாத்து என்னையப் பாத்துச் சிரிக்குது. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, அப்ப எனக்கு உசுரே இல்லீங்க. கியரைக் கொறச்சு, கையொடிய ஸ்டியரிங்க ஒடிச்சு, மலைப்பக்கத்து மண்மேட்டுல கொண்டு போய் மோத வுட்டேன். தக்காளி பூரா ரோட்டுல. சனங்க ஹெல்மெட்டுலயும் முந்தானையிலயும் அள்ளிக்கிட்டுப் போறாங்க. நான் கேபினுக்குள்ள ஸ்டியரிங்க விடாமப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

அந்தக் கொழந்த மொகம் இப்பவும் தூக்கத்துல வருது. சரி, அத விடுங்க.

ராசாமணிக்கு ஃபோன் பண்ணுனேன். அவ அண்ணனுக்குப் பண்ணுனா. அவரு ஓமலூருக்குப் பண்ணுனாரு. செத்த நேரத்துல சௌமியா புருசன் பூபதி வந்துட்டான். எதுல வந்தான்னு நெனைக்கறீங்க? மச்சான் வண்டிலதாங்க! அதே கறை புடிச்ச வண்டி. இரும்பு பார் போட்டு என் வண்டிய அதுல மாட்டி, எறக்கம் பூரா கட்டெறும்பு மாதிரி மெதுவா இழுத்துக்கிட்டு வந்தான். நான் பின்னால ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். கண்ணுக்கு நேரா அந்த வண்டியோட முதுகு. அப்பத்தான் கவனிச்சேன், எடது பக்கம் பின்லைட் எரியல.

ஓமலூர்ல டீ குடிக்க நிறுத்துனப்ப சொன்னேன். லைட்டு போயிருச்சு மாப்ள, இப்படித்தான் நெல்லூர்லயும் புடிச்சாங்கன்னேன். நல்லதுக்குத்தான சொல்றோம்? அந்தப் பையன் சரிங்க மாமான்னுட்டு, டீயக்கூட வெச்சுட்டு, டூல் பாக்ஸ்ல இருந்து பல்பு எடுத்து அங்கயே மாத்திட்டான். டீ ஆறிப் போச்சு. மொதல்லயே பாத்திருந்தா ஆறியிருக்காதில்லீங்க.

பட்டறையில வண்டிய ஏத்திக் கழட்டுனாங்க. பிரேக் பைப்பெல்லாம் துரு ஏறி அப்பளமா நொறுங்குது. சேஸ்ல ஒரு எடத்துல ஒடஞ்சத வெல்டு வெச்சு பெயிண்ட்டப் பூசி மறைச்சிருக்காங்களாம். பைப்ப மாத்தலாம், சேஸ ஒண்ணும் பண்ண முடியாது, பாரம் ஏத்துனா எப்ப வேணும்னாலும் போயிரும்னு மெக்கானிக் சொல்றான். மச்சானும் வந்திருந்தாரு. குத்திக் காட்டுவாருன்னு எதிர்பாத்தேன். குத்தல. அதுவே எனக்கு அவமானமாப் போச்சு. வண்டிக்கு அடியில குனிஞ்சு கையால தடவிப் பாத்துட்டு, துடைச்சுக்கிட்டே வந்து, "மாப்ள, இது எவன் கைக்கும் போகக் கூடாது. உடைக்கக் குடுத்துருங்க. ஆகற நட்டத்துல பாதிய நான் தாங்கிக்கறேன்"னாரு.

பட்டறைக்காரங்க முன்னால வெச்சு அப்படிச் சொன்னா எப்படிங்க இருக்கும்? நான் என்ன பிச்சைக்காரனா? பாத்துக்கலாம்னுட்டேன். ராசாமணி பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தவ, நேரா அண்ணன் கூடக் கெளம்பிட்டா. "அது உடையட்டும், அப்பறம் வர்றேன்"னு சொன்னதோட சரி. அன்னைக்குப் போனவதான். ஒரு மழைக்காலமே முடிஞ்சு போச்சு. நானே ரசம் வெச்சுக் குடிச்சுக்கிட்டு இருக்கேன். என் ரசத்த நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிருது. வீட்டுல யாரும் திட்டறதுக்கில்லீன்னா வீடு வீடாட்டமே இல்லீங்க.

இதுல ஒரு விசேசம் கேளுங்க. பைப்பெல்லாம் மாத்தி, பெயிண்ட் அடிச்சு வண்டிய வெளிய எடுத்தப்ப, எதுக்கும் பாக்கலாம்னு நம்பரை அடிச்சுப் பாத்தேன். தொப்பூர் விசயம் அதுல ஏறவே இல்ல! போலீஸ்காரரு வந்தாரு, யாருக்கும் அடியில்லைங்கவும், டிராபிக் நிக்குது, சீக்கிரம் எடுய்யான்னுட்டுப் போயிட்டாரு. ஒரு சலான்கூடப் போடல. பழையபடி வெள்ளைத்தாளு. ஒரு கரும்புள்ளி இல்ல. அரசாங்கமே ஒண்ணும் இல்லைங்கறப்ப, இருக்குதுன்னு சொல்றதுக்கு நான் யாருங்க?

இருங்க, ஃபோன் அடிக்குது. அவருதான், நம்ம வண்டிய வாங்கறவரு.

சொல்லுங்க தம்பி... ஆமா, பஸ்சுல இருக்கேன்... பாத்தீங்களா நம்பரை?... அதான் சொன்னனே, நான் வாயால ஒண்ணும் சொல்ல மாட்டேன், நீங்களே அடிச்சுப் பாத்துக்குங்கன்னு... ஆமா... சரி, நாளைக்குக் காலையில லாரி ஸ்டாண்டுக்கே வாங்க, வண்டி அங்கதான் நிக்குது, கையெழுத்துப் போட்டுரலாம்... உங்க வீட்டுல அவங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க, மங்களகரமா இருக்கும்... சரிங்க தம்பி.

மணப்பாறைப் பையனுங்க. இத்தனை வருசமா அடுத்தவன் வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தானாம், மொத மொதல்ல சொந்த வண்டி. பொண்டாட்டி நகையக் கழட்டிக் குடுத்திருக்குது. கல்லு லோடு அடிக்கப் போறானாம், அவனே ஓட்டுவானாம். நல்ல பையன். பாத்தேன்ணா, சுத்தமா இருக்குதுண்ணான்னு எத்தனை சந்தோசமாச் சொல்றான் தெரியுங்களா? எங்க ஓடுச்சு, ஏன் நின்னுச்சு, ஒரு கேள்வி இல்ல. இந்தக் காலத்துப் பசங்க எதையுமே விசாரிக்கறதில்லீங்க. அதான் ஏமாறுதுங்க.

இப்ப நான் போறது ராசாமணியக் கூட்டிட்டு வரத்தான். வண்டிய உடைக்கக் குடுத்துட்டேன்னு சொல்லிருவேன். வண்டி வீட்டு வாசல்ல இருக்காதில்ல, அவளுக்கு அது போதும். மச்சானும் மணப்பாறைக்கு வந்து தேடப் போறதில்ல. நாளைக்கு மத்தியானம் ஓனர் மாத்தற பேப்பரைக் குடுத்துட்டா என் தலைவலி தீந்துச்சு. சாயந்தரம் அவ கையால ஒரு வாய் நல்ல ரசம்.

அவளுக்கு மட்டும் ஆசை இல்லாம இருக்குதுங்களா? சௌமியா தாய் வீட்டுக்கு வந்திருந்தப்ப ஃபோன்ல ஒரு விசயம் சொல்லுச்சு. அத்தை உங்களப் பத்தி ஒரு வார்த்தை பேசறதில்ல மாமா, ஆனா விடிஞ்சதும் காப்பியக் குடிச்சுட்டு ஃபோன எடுத்து உங்க வண்டி நம்பரை அடிச்சுப் பாத்துட்டுத்தான் அடுத்த வேலைன்னுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. நான் சொல்லிக் குடுத்தத மறக்கல பாருங்க.

திருச்செங்கோடு வந்துருச்சு. கொஞ்சம் கால நகத்திக்குங்க, எறங்கிக்கறேன். கையில ஒண்ணுமில்லாமப் போகக் கூடாது, ஸ்டாண்டுல பூவும் பழமும் வாங்கிக்கணும். சங்ககிரிப் பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க. நாளான்னைக்கு வந்தீங்கன்னா ராசாமணி இருப்பா, காப்பி நல்லாப் போடுவா. காலையில கொஞ்சம் நேரமா வாங்க, அவ அந்த நம்பரைப் பாத்துட்டுத்தான் அடுப்பையே பத்த வெப்பா.